சுரையா பறித்த கொழுந்து

நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்று மரகதத்துக்குக் கால் கடுத்தது. குன்னூரில் டீத்தூள் பாக்கெட் போடும் கம்பெனியில் இன்றுதான் முதல் நாள். அந்த வேலைக்கென்றே சமுதாயக் கல்லூரி நடத்திய பயிற்சியில் தேறியவள் அவள். தேயிலை விலை விழுந்து, அவள் கொழுந்து பறித்துவந்த எஸ்டேட்டில் ஆளுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. பயிற்சி முடியும்வரை மரகதத்துக்கு விழும் வேலை நாள்களிலும் பக்கத்து வீட்டுச் சுரையாவே கொழுந்து பறித்து, அந்தக் கூலியை மரகதத்தின் பிள்ளைகளின் சோற்றுக்குக் கொடுத்தாள்.

பஸ் இறங்கியதும் மரகதம் நேரே சுரையாவிடம் போனாள். “உன்னாலதான் எங்க ஊட்டுல அடுப்பு எரிஞ்சுது.”

“அது கெடக்குதுங்க்கா. அடுத்த பயிற்சிக்கு நான் போறேன். மெஷின்காரம்மா, எனக்காகக் கூடை தூக்க வருவீங்களா?”

“ஞாயித்துக்கிழமை லீவு. வந்துர்றேன்.”

“எஸ்டேட்டுக்கும் அன்னிக்குத்தானுங்க்கா லீவு.”

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் சுரையாவுக்குத் தர வேண்டிய அத்தனை நாள் உழைப்பும் மரகதத்தின் மேல் கடனாகவே நின்றது.