அஞ்சு பவுண்டு காற்று

“வெடிக்கலடி ரதி. நல்லா பாரு, முழுசா கெடக்கு.”

அம்மா சொன்னது சரிதான். வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடியும் முன்னால் விட்டேன். நான்கு சக்கரங்களும் நான்கு எலுமிச்சம்பழங்கள்மீது மெத்தென்று ஏறி இறங்கின. பழங்கள் செம்மண்ணில் பாதி புதைந்து, தோலில் டயரின் கட்டம் மட்டும் பதிந்து, ஒரு சொட்டுச் சாறுகூட விடாமல் கிடந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த எந்த வண்டியும் பழத்தை நசுக்காமல் வாசலைத் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்காவின் ஓட்டை வேன்கூட நசுக்கியிருக்கிறது.

“அப்ப நான் ஏற மாட்டேன்லா.” அம்மா கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் ஏறுவதற்காகத்தான் அந்த வண்டியையே வாங்கினேன். கெமாஸ் பக்கம் ஒரு குன்றுச் சரிவில், சிரம்பான் நகரத்து முதலாளி ஒருவரின் ஐந்து ஏக்கர் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் ஆலைக்குப் போகும் உதிரிப் பழங்களை அம்மா பொறுக்குகிறார். இருபது வருட வேலை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், காரோ வேனோ ஏறாத செம்மண் பாதை. இடது முட்டி வீங்கிப் போய், இப்போது பத்தடிக்கு ஒருமுறை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வியாழக்கிழமை லாரி வருவதற்குள் மூட்டைகள் கீழே வந்திருக்க வேண்டும். போன மாதம் இரண்டு தடவை வரவில்லை. “முடியலன்னா சொல்லுங்கம்மா, வேற ஆள் போட்டுக்கறேன்” என்று முதலாளி அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் அம்மா திருப்பித் திட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பார். அன்பாகச் சொன்னதால் அன்றைக்குச் சோற்றைத் தொடவே இல்லை.

வண்டி ஏ.டி.வி. அதாவது நான்கு குண்டு டயர் போட்ட மோட்டார் சைக்கிள். மம்பா ஊர்க்காரனான என் நண்பன் பிரெண்டன் வேலை பார்த்த சவாரித் தளத்தில் ஐந்து வருடம் சுற்றுலாக்காரர்களைச் சுமந்தது. சிவப்பு நிறம், இரண்டு பேர் உட்காரும் நீளச் சீட்டு, பின்னால் மூட்டை கட்டக் கம்பித் தட்டு. பழைய ஏ.டி.வி. வாங்கியவர்கள் முதலில் என்னென்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். எஞ்சின் எண்ணெயை இறக்கினேன், கறுப்புக் கிச்சாப் சாஸ் மாதிரி வழிந்தது. சங்கிலியைத் தேய்த்து எண்ணெய் விட்டேன். பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். காற்று வடிகட்டியின் நுரைப்பஞ்சை வெளியே எடுத்தபோது அது செங்கல் துண்டு போல இருந்தது. அந்த அழுக்கைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் அம்மாவே பிடுங்கிக்கொண்டுபோய், பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, அந்தக் காலத்தில் என் பள்ளிக்கூடச் சட்டைகளைக் காயப்போட்ட அதே கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். காய்ந்ததும் நான் அதில் எண்ணெய் தடவியதைப் பார்த்து, “கழுவி குடுத்தா மறுபடி எண்ணெயா? உனக்கு எதையும் சுத்தமா வைக்கவே தெரியாது” என்று அரை மணி நேரம் பேசினார். எண்ணெய் இருந்தால்தான் தூசி ஒட்டும், எஞ்சினுக்குள் போகாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

டயர் வீடியோவை மட்டும் தாண்டிவிட்டேன். டயரில் என்ன இருக்கிறது? பன்னிரண்டு வயதிலிருந்து மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பவள் நான்.

எதிர் வீட்டுச் சன்னாசி மாமா பல் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியவர். வந்து டயரைக் காலால் ஒரு உதை விட்டார். “டயர்ல காத்தே இல்ல. நீங்க பழத்த குத்தம் சொல்றீங்க. கொண்டா இங்க.” அவர் வீட்டுக் கொட்டகையில் லாரி டயருக்கான கம்பிரசர் இருந்தது. மோட்டாருக்கு வைப்பதுபோல் முப்பது பவுண்டு காற்று வைத்தோம். டயர்கள் தர்பூசணி மாதிரி திரண்டு நின்றன. தட்டினால் டங் என்றது.

புதுப் பழம் நான்கு. ஏற்றினேன். பட், பட், பட், பட்! சாறு என் கால்வரை தெறித்தது. அம்மா கையைத் தட்டிச் சிரித்தார், நிஜமாகவே தட்டினார். ஓடிப்போய்க் குங்குமம் கொண்டுவந்து ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு, ஏறுவதற்காகச் சீட்டில் ஒரு கையையும் வைத்துவிட்டார்.

“இரும்மா, நான் மொதல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்.”

அந்த ஒரு புத்தி எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. சரிவின் முதல் வளைவில் செம்பனை வேர் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஏறியதும் வண்டி பந்து மாதிரி எகிறியது. இறங்கி மறுபடியும் எகிறியது. ஹேண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த நொடி நானும் வண்டியும் பாதையோர வாய்க்காலில். ஹெல்மெட் போட்டிருந்ததால் முழங்கை மட்டும் உரிந்தது.

அந்த முட்டியோடு அம்மா ஓடி வந்ததை நான் பார்த்தேன். என் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “பழம் வெடிச்சிச்சே. அப்புறம் ஏன்டி?”

போனை எடுத்துப் பிரெண்டனைக் கூப்பிட்டேன். முப்பது பவுண்டு என்றதும் கத்தினான். “தேர்ட்டியா? அலாமாக், அது மோட்டோ இல்லலா! அஞ்சுதான். ஃபைவ்!” மறுநாளே வந்துவிட்டான். குறைந்த காற்றை அளக்கும் சின்ன கேஜ் ஒன்றை ஒவ்வொரு டயரிலும் வைத்து, ஸ்ஸ் என்று இறக்கினான். டயர்கள் பழையபடி தொப்பையோடு உட்கார்ந்தன.

“இப்படித்தான் இருக்கணும் ஆண்ட்டி. கல்லு, வேரு வந்தா டயரு அமுங்கணும். நீங்க எகிறக் கூடாது.”

“அப்ப பழம்?”

“வெடிக்காது.”

“என்னைக்கும்?”

பிரெண்டன் தலையைச் சொறிந்தான். அம்மா அவனை விடவில்லை. “உங்க சர்ச்சில வண்டிக்கு என்னாப்பா செய்வாங்க?”

“ஃபாதர் தண்ணி தெளிப்பாரு ஆண்ட்டி. தெளிச்சிட்டு, பிரேக் பாத்தியான்னு கேப்பாரு.”

அம்மா சிரிக்கவில்லை. டயரில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். அமுங்கியது. விட்டார். மேலே வந்தது. “அப்ப நேத்து வெடிச்சது?” என்று என்னைப் பார்த்தார்.

“நாங்க அடிச்ச காத்துல வெடிச்சதும்மா. நீ ஏறிட்டா போதும்னு இருந்திச்சு எனக்கு. வேற எதையும் நான் யோசிக்கல.”

அம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பிரெண்டனுக்கு மட்டும் கோப்பி வந்தது.

நேற்று வியாழக்கிழமை. விடிந்ததும் கேஜ் வைத்துப் பார்த்தேன்: அஞ்சு, அஞ்சு, அஞ்சு, நாலரை. நாலரையைச் சரி செய்து முடித்தபோது அம்மா காலிச் சாக்குகளை மடித்துக் கொண்டுவந்து பின்தட்டில் கட்டினார். என் மனசு குதித்தது.

“சாக்கு போவட்டும். நான் நடந்தே வரேன்.”

முதல் கியர். அம்மா நடக்கும் வேகம். பத்தடிக்கு ஒருமுறை அவர் நின்றார், நானும் நின்றேன். வாய்க்கால் வந்தபோது இரண்டு பேருமே அதைப் பார்க்காததுபோல் கடந்தோம். அந்த வேரின்மேல் முன்டயர்கள் ஏறி, அமுங்கி, சத்தமில்லாமல் இறங்கின. அதற்கப்புறம்தான் செங்குத்தான ஏற்றம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் மட்டும் பார்த்தேன். அம்மா பின்தட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். முதலில் விரல் நுனியால், அப்புறம் முழுக் கையால். வண்டி அவரை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு போனது. உச்சி வரைக்கும் ஒரு மரத்தைக்கூட அவர் பிடிக்கவில்லை.

மேலே போனதும் கையை எடுத்துவிட்டார். ஒன்றுமே நடக்காததுபோல் பழம் பொறுக்கக் குனிந்தார். நானும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டேன். லாரிக்கு மூட்டைகள் நேரத்தோடு இறங்கிவிட்டன.

நாளைக்கு மறுபடி மேலே போகிறோம். சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். நானாக ‘ஏறும்மா’ என்று சொல்லட்டுமா, இல்லை வாயை மூடிக்கொண்டு முதல் கியரிலேயே போகட்டுமா? சொல்லுங்களேன், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?