பங்கு பிரிச்ச கடல்

"உன் வீட்டுக்காரர் ஓட்டல்ல கழுவி ஊத்துறதெல்லாம் என் கடலுக்குள்ள ஏன்டி வருது?"

"உன் கடலா? எப்பக்கா பத்திரம் பதிஞ்ச? உன் ஐஸ் கம்பெனி நாத்தத்துல போன வாரம் வந்த கெஸ்ட்டு ஒரு கையால மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சாப்பிட்டுட்டுப் போனாரு. அதுக்குப் பதில் சொல்லு மொதல்ல."

"அப்படின்னா பிரிச்சுக்கலாம். அப்பா வீட்டைப் பிரிச்ச மாதிரி நடுவுல ஒரு கோடு. அவங்கவங்க பங்கை அவங்கவங்க பாத்துக்கட்டும்."

"போடு. யாரு வேணாங்கறா?"

அக்காவும் தங்கச்சியும் மேடைக்குப் பக்கத்துல நின்னு இதைப் பேசினாங்க. மைக்கை யாரும் அணைக்கல. கடல் பாதுகாப்புக் கூட்டத்துக்கு வந்திருந்த, அந்தக் குடாக்கடலோட மூணு கரை ஜனமும் ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. கேட்டதோட நிக்காம கையும் தட்டுச்சு. அடுத்த மாசம் கடல் பிரிஞ்சுது.

அக்காவை எல்லாரும் ஐஸ்காரம்மான்னு தான் கூப்பிடுவாங்க. படகுகளுக்கு ஐஸ் கட்டி போடற கம்பெனி அவங்களோடது. படகு போனாத் தான் ஐஸ் போகும், மீன் கிடைச்சாத் தான் படகு போகும். மீனோ வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்துது. கம்பெனியில பாதித் தொட்டி காஞ்சு கிடந்துது. இன்னும் ஒரு சீசன் இப்படிப் போனா ஷட்டரை இழுத்து விட வேண்டியது தான். தங்கச்சியைக் கட்டிக் குடுத்தது எதிர்க்கரையில. அங்க அவ வீட்டுக்காரர் ஓட்டல் நடத்தறாரு, அது ஐஸ் கம்பெனிக்கு நேர் எதிர்ல. சாயங்காலம் அந்த ஓட்டல் விளக்கு அக்கா ஜன்னல்ல தெரியும். மூணாவது கரையில ஒரு பவர் பிளான்ட், அது சுடுதண்ணியைக் கடல்ல விட்டுக்கிட்டிருந்துது. கூட்டம்னு கூடினா மூணு கரையும் மத்த ரெண்டு கரையைக் கை காட்டும். இதுக்குன்னே ஒரு கமிட்டி. அதோட தலைவருக்கு ஜனங்க வெச்ச பேரு பேனர் சார். மனுஷன் கடலுக்குன்னு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்ல, ஆனா வருஷா வருஷம் பேனர் மட்டும் போன வருஷத்தை விடப் பெருசா வரும். "கடலைக் காப்போம், வளர்ச்சியை நீட்டிப்போம்"னு எழுதியிருக்கும். கூட்டம் முடிஞ்சதும் காத்துல பிஞ்சு அதே கடல்ல போய் விழும்.

ஐஸ்காரம்மா பிரிக்கலாம்னு சொன்னதுக்கு ஒரு காரணம் இருந்துது. அவங்க அப்பா போனப்புறம், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்ன, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் வீட்டால நித்தம் சண்டை. கடைசியில கூடத்துக்கு நடுவுல, சமையல்கட்டுக்கு நடுவுல, கொல்லைப்பக்கம் இருந்த கிணத்துக்குக் கூட நடுவுல சுவர் எழுப்பிட்டாங்க. அதோட சண்டை நின்னுடுச்சு. அன்னியிலேருந்து எந்த வம்புக்கும் மருந்து சுவர் தான்னு அந்தம்மா நம்பினாங்க. தலைவலின்னு யாராச்சும் சொன்னாக் கூட நடுவுல ஒரு சுவர் போடச் சொல்லுவாங்கன்னு கம்பெனியில கிண்டல் பண்ணுவாங்க.

பேனர் சாருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிடிக்காதா பின்ன? பிரிச்சு விட்டுட்டா அவருக்கு வேலையே இல்லையே. நடுக்கடல்ல மிதவையை வரிசையாக் கயித்துல கோத்துக் கட்டினாங்க. போட்டோ எடுத்தாங்க. மறுநாள் காலையில பாத்தா, சோப்புக் கட்டியை நூல் போட்டு அறுத்த மாதிரி கடல் மிதவை வரிசையில அறுந்து நின்னுது. இந்தப் பக்கத் தண்ணி முழங்கால் உசரம் மேல, அந்தப் பக்கத் தண்ணி கீழ. மேல இருந்து ஒரு சொட்டு கீழ வழியல. கை விட்டுப் பாத்தவங்க, கை அந்தப் பக்கம் போகுது, ஈரம் மட்டும் கூட வரலைன்னாங்க. ரெண்டு நாள் பேசினாங்க. மூணாம் நாள் காய்கறி விலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அதோட விட்டாங்களா? கரைக்கு ஒரு பங்குன்னா தெருவுக்கு ஒரு பங்கு ஏன் கூடாதுன்னு கிளம்பினாங்க. எங்க தெரு சுத்தம், பக்கத்துத் தெரு தான் குப்பைன்னு ஒவ்வொரு தெருவும் சொல்லுச்சு. மிதவை கட்டினாங்க, கடல் அறுந்துது. அப்புறம் வீட்டுக்கு வீடு. ஒரு வருஷத்துக்குள்ள எல்லார் வீட்டுக்கு நேராவும் அவங்கவங்க கடல் நீளமா, பட்டை பட்டையா நடுக்கடல் வரைக்கும் போச்சு, பாய் விரிச்ச மாதிரி. கல்யாணப் பேச்சுல பொண்ணு வீட்டுக்காரங்க "மாப்பிள்ளைக்குக் கடல் எத்தனை அடி அகலம்"னு கேட்டாங்க. பேனர் சார் கரையில மேடை கட்டி, அறுந்த கடலைப் பாக்க டிக்கெட் போட்டாரு. வெளியூர்க்காரங்க வந்து முதுகைக் கடலுக்குக் காட்டிப் படம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. அட, கடல் செத்துக்கிட்டு இருக்கு, அதுக்கு நுழைவுச்சீட்டு! இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்றது?

கடல் செத்துக்கிட்டுத் தான் இருந்துது. சேந்து கிடந்த வரைக்கும் யார் அழுக்கு யாருதுன்னு தெரியல, பழியை அடுத்தவன் தலையில கட்டலாம். பிரிஞ்சப்புறம் அவனவன் அழுக்கு அவனவன் வாசல்லயே நின்னுது. துணி சோப்புக் கம்பெனிக்காரர் கடல் நுரையா நின்னுது. மூணாவது கரையில வெந்நீர். ஓட்டல் பட்டையில எச்சிலும் எண்ணெயும் மிதந்துது. கடற்கரை அழகா இருக்கணும்னு ஓட்டல்காரர் அடிமணலை மோட்டார் வெச்சு உறிஞ்சிக் கரையில கொட்டியிருந்ததால அங்க கீழே ஒரே பள்ளம், புல்லு பூண்டு கிடையாது. இதை விடக் கொடுமை, அலை நின்னு போனது. ரெண்டு ஆள் அகலத்துல அலை எப்படி எழும்பும்? புரண்டு படுக்க இடம் இல்லாத பிள்ளை மாதிரி கடல் நீட்டி நிமிந்து கிடந்துது. மீனெல்லாம் மிதவைக்கு வந்து மூக்கை முட்டிக்கிட்டு, பூட்டின கடை முன்னால நிக்கற ஆளுங்க மாதிரி வரிசையா நின்னுதுங்க. இந்தக் கரைச் சேத்துல முட்டை போட்டு, அந்தக் கரைப் புல்லுல குஞ்சு வளந்து, மூணாவது கரை ஆழத்துல பெருசாகற ஜாதி அது. பங்குப் பத்திரம் அதுக்குப் படிக்கத் தெரியுமா?

ஐஸ்காரம்மா தன் பட்டையைப் பாத்தாங்க. பக்கத்துக்காரங்களை விடத் தன்னோடது சுத்தமா இருக்கும்னு தான் மனசுல நெனப்பு. தண்ணி கறுப்பா, மேல வானவில் மாதிரி ஆயில் படலம். கம்பெனி பின்பக்கக் குழாயிலேருந்து கம்ப்ரஸர் ஆயிலும், தொட்டியில பழசாப் போன உப்புத் தண்ணியும் இறங்கிக்கிட்டே இருந்துது. மீன் வரலியேன்னு எந்த வாயால ஊரைத் திட்டினாங்களோ அந்த வாயை மூடிக்கிட்டு உள்ள போனாங்க. அன்னைக்கு ஒரு ஐஸ் கட்டி கூட விக்கல. ஷட்டர் பாதி இறங்கியிருந்துது.

அப்புறம் தங்கச்சிக்குப் போன் பண்ணாங்க. கூட்டத்துல போட்ட சண்டைக்கு அப்புறம் அது தான் முதல் பேச்சு.

"என் பங்கு செத்துப் போச்சுடி."

"என்னுது மட்டும் என்ன, துள்ளிக் குதிக்குதா?"

"அப்பா வீட்டுல பிரிச்சோமே, அப்ப ஒண்ணும் ஆகலியே. இங்க மட்டும் ஏன் இப்படி?"

தங்கச்சி சிரிச்சா. "அக்கா, கிணத்துச் சுவர் ஞாபகம் இருக்கா? கொத்தனார் எதுவரைக்கும் கட்டினாரு?"

"தண்ணிக்கு மேல வரைக்கும்."

"கீழே கட்டலியே. ஒரே தண்ணியைத் தான் நீயும் இறைச்ச, நானும் இறைச்சேன். நீ உன் பக்கம் துணி துவைச்சப்ப என் வாளியில நுரை வந்துது, ஓடி வந்து உன் முடியைப் பிடிச்சேன். மறுநாளே கல்லைத் தள்ளிப் போட்டுத் துவைச்ச. சண்டை நின்னது சுவரால இல்லக்கா, நான் உன் முடியைப் பிடிச்சதால."

ஐஸ்காரம்மா தலையில ஒரு தடவை அடிச்சுக்கிட்டாங்க. அந்த வாரமே பின்பக்கக் குழாயை சிமென்ட் வெச்சு அடைச்சாங்க. கழிஞ்ச ஆயிலை டிரம்முல பிடிச்சு வாங்கின கடைக்கே திருப்பி அனுப்பினாங்க. உப்புத் தண்ணியைத் தெளிய வெச்சுத் திரும்பத் தொட்டியிலயே ஊத்தினாங்க. இத்தனை வருஷமா இதைச் செய்யாததுக்கு அவங்க கிட்ட ஒரு காரணமும் இல்ல, எதிர்க்கரைக்காரன் செய்யலைங்கறதைத் தவிர.

எதிர்க்கரையில கதை வேற. தங்கச்சி வீட்டுக்காரர், பக்கத்து ஓட்டல்காரன் முதல்ல செய்யட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு. தங்கச்சி வாக்குவாதமே பண்ணல. ஒரே ஒரு நாள், ஓட்டல் கழிவுக் குழாயைக் கடலுக்குப் போற வழியிலேருந்து திருப்பி அவர் ஆபீஸ் ரூம் வாசல்ல விட்டா. "ஏங்க, கடல் தாங்கும்னு சொன்னீங்களே, நீங்க கடலை விடக் கெட்டியான ஆளாச்சே, நீங்களும் தாங்குங்க"ன்னா. மறுநாள் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் குழி தோண்டினாங்க. மணல் மோட்டாரையும் கழட்டினாங்க. அந்த மனுஷன் பத்து நாள் பொண்டாட்டி கூடப் பேசல. ஓட்டல் அதுக்காகப் படுத்துடல, ஓடிக்கிட்டுத் தான் இருந்துது.

ஒரு வெயில் காலைப் பொழுதுல அக்கா இந்தப் பக்கத்துலேருந்து ஒரு படகுல, தங்கச்சி அந்தப் பக்கத்துலேருந்து ஒரு படகுல வந்து, ரெண்டு பட்டையும் முட்டற இடத்துல இருந்த அந்த ஒத்தை மிதவையை அவுத்தாங்க. கயிறு ஊறி இறுகிக் கிடந்ததால அரிவாள்மணையைத் தலைகீழாப் பிடிச்சு அறுத்தாங்க. மேல நின்ன தண்ணி கீழ நின்ன தண்ணியைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டுச்சு. ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துது. வரிசையில நின்ன மீனெல்லாம் தள்ளுமுள்ளு இல்லாம உள்ள நுழைஞ்சுதுங்க. சாயங்காலம் அந்தப் பட்டையில மட்டும், ஓட்டல் வாசல்லேருந்து ஐஸ் கம்பெனி வாசல் வரைக்கும் நீளவாக்குல, மெலிசா ஒரு அலை வந்து காலைத் தொட்டுச்சு. ஐஸ்காரம்மா ஷட்டரை முழுசாத் தூக்கி விட்டாங்க.

பக்கத்துப் பட்டைக்காரங்க சும்மா இருப்பாங்களா? எங்களையும் சேத்துக்கோங்கன்னு ஓடி வந்தாங்க. அவசரத்துல ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா மிதவையை அவுத்துப் பாத்தாரு. தண்ணி அசையல. அவர் குழாய் இன்னும் ஓடிக்கிட்டு இருந்துது. குழாயை அடைச்ச அன்னைக்குத் தான் அவர் பட்டை தானா வந்து ஒட்டிக்கிச்சு. அவருக்கு எதிர்ல இருக்கறவரும் அடைக்கணும், அதுவும் உண்டு. ஒரு கரை மட்டும் நல்ல பிள்ளையா இருந்தா கடல் மதிக்கறதில்ல. இதனால இந்தக் கரைக்காரங்க எதிர்க்கரைக்காரங்க வீட்டுக்குப் போய், வாசல்ல உக்காந்து, காபி குடிச்சுக் கெஞ்சறதும் திட்டறதுமா இருக்காங்க. மூணாவது கரையில பவர் பிளான்ட்காரங்க சுடுதண்ணியை ஆற வைக்க ஒரு குளம் வெட்டலாமான்னு இப்பத் தான் யோசிக்கறாங்களாம். யோசிக்கட்டும்.

பேனர் சார் மட்டும் கொதிச்சுப் போய் வந்தாரு. டிக்கெட் விக்கல, அந்தக் கோவம். "கடலைச் சேக்கறதுக்கு உங்களுக்கு யார் அனுமதி குடுத்தது?"

"நான் தானே சார் பிரிக்கச் சொன்னேன்? கை தட்டினீங்களே. இப்ப நானே சேக்கறேன், தட்டுங்க."

"இது கமிட்டியோட திட்டம். மிதவையைத் திரும்பக் கட்டலைன்னா ஐஸ் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்காது."

"நான் ஆயில் ஊத்தின அத்தனை வருஷமும் லைசென்ஸ் இருந்துதே சார்?"

பேனர் சார் இந்த மாசக் கடைசி வரைக்கும் கெடு குடுத்துட்டுப் போயிட்டாரு. போறதுக்கு முன்ன அவர் காரைக் கரையிலயே கழுவினாங்க, அந்தத் தண்ணி யாரோ ஒருத்தர் பட்டையில இறங்கிச்சு. சேந்த பட்டை இப்ப ஒரு தெரு அகலத்துக்கு வந்திருக்கு. அதுல சாயங்காலம் ஆனா அலை அடிக்கும். மத்ததெல்லாம் அசையாமக் கிடக்கும். யாரும் இதை நின்னு வேடிக்கை பாக்கறதில்ல. காலை நனைக்கணும்னா எங்க போகணும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும், அவ்வளவு தான். அக்காவும் தங்கச்சியும் அந்த வழியாவே படகுல போய் வந்து இன்னும் சண்டை போடறாங்க, இப்ப வேற விஷயத்துக்கு.

மாசக் கடைசியில பொதுக்கூட்டம் வெச்சிருக்காங்க. அந்த மிதவையைத் திரும்பக் கட்டணுமா வேண்டாமான்னு அங்க முடிவு பண்ணப் போறாங்க. படிச்சவங்க எல்லாரும் கீழே பதில் எழுதுங்க, கட்டணுமா, வேண்டாமா? வெறும் "வேண்டாம்"னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க. எழுந்து போய், உங்க வீட்டுக் குழாய் கடைசியில எங்க கொண்டு போய் ஊத்துதுன்னு பாத்துட்டு வந்து, அதையும் சேத்து எழுதுங்க.