துண்டுக்குள் மூன்றாவது கை

இன்றைய நிலவரப்படி ஒரு முழு வாக்கியத்தின் விலை ஒரு மகள். போன மாதம் வரை இவ்வளவு ஏறவில்லை.

என் மகள் அமுதினிக்கு ஒன்பது வயது. பேச்சில் எவரையும் விற்றுவிட்டு வருவாள். எழுதச் சொன்னால் பென்சில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் அப்படியே நின்றது. அதனால் அவளை நிறுத்தி, வீட்டில் வைத்து நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நான் மாட்டுத் தரகன். இலக்கணப் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குப் பேசி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் புத்தகம்தான் இருந்தது. கடைக்காரர் நம்மைவிடக் கெட்டிக்காரர்.

பள்ளிக்கூடத்துக்கு இது பிடிக்கவில்லை. அவளைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருமுனையில் நின்றது. மறுநாள் ஒரு வீட்டுத் தூரம் உள்ளே வந்தது. யாரையும் இடிக்கவில்லை. வீடுகள் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டன.

தலைமையாசிரியர் தெய்வசிகாமணி மாடி ஜன்னலில் நின்று விதியைச் சொன்னார். அமுதினி சொந்தமாக ஒரு முழு வாக்கியம் எழுதும் நாளில் பள்ளிக்கூடம் ஒரு வீடு பின்னால் போகும். எழுதாத நாளில் ஒரு வீடு முன்னால் வரும். அதன் கேட் எங்கள் கேட்டைத் தொட்டு, சாயங்கால மணியும் அடித்துவிட்டால் அவள் அதன் கணக்கில் சேர்ந்துவிடுவாள். அப்புறம் எங்கள் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் மூன்றாம் வகுப்புதான்.

அது இப்போது பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தது.

முதல் இரண்டு வாரம் அவள் தாள் வெறுமையாகவே இருந்தது. போன வாரம் ஒரு சொல் வந்தது. "பசு" என்று எழுதி நிறுத்தினாள். ஒரு பசு வந்து ஹாலில் நின்றது. இரண்டாம் ஈத்து, நல்ல மடி. ஆனால் அசை போடவில்லை, சாணி போடவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. அதற்கு வேலை எதுவும் எழுதப்படவில்லை. விற்றுவிடலாமா என்று பார்த்தேன். நடந்தால்தானே.

அடுத்த நாள் "தபால்காரர்" என்று எழுதினாள். ஒருவர் கையில் கவரோடு வந்து நின்றார்.

"எங்களுக்குங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. குடுக்கறேன்னு பாப்பா எழுதலீங்களே."

அதற்கடுத்த நாள் "சித்தப்பா". எனக்குத் தம்பி கிடையாது. இருந்தாலும் ஒருவர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நேற்று "மழை". ஜன்னலுக்கு வெளியே வானத்திலிருந்து தரை வரைக்கும் மழை வந்து தொங்கியது. கீழே விழவில்லை. என் மனைவி சுகந்தி அதற்கு நடுவில் துணி காயப்போட்டாள்.

"மாமா, தப்பித்தவறி யானைன்னு எழுத வெச்சுடாதீங்க. வீட்டுல எடமில்லை" என்றாள்.

இன்று காலையில் மறுபடி உட்கார்ந்தோம்.

"சந்தைக்குப் போய் 'மாடு'ன்னு மட்டும் சொன்னா யாராச்சும் நிப்பாங்களா, சாமி? அது என்ன பண்ணுதுன்னு சொல்லோணுமல்ல. பால் கறக்குதா, ஏர் உழுவுதா?"

"தெரியுதுங்கப்பா."

"அப்ப எழுது."

"நீங்க பாக்கறீங்க."

"பாக்காம எப்படிச் சொல்லிக்குடுக்கறது?"

"அது உங்க பாடுங்கப்பா."

சரியென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தபால்காரர் பார்த்தார். தபால்காரரைத் திருப்பி நிறுத்தினேன். சித்தப்பா பார்த்தார். நாற்காலியோடு அவரைத் திருப்பினேன். பசுவைத் திருப்ப முடியவில்லை. அமுதினியை அலமாரிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அலமாரிக்குள் ஒரு கரும்பலகை இருந்தது. ஒரு ஜன்னலும் இருந்தது. ஜன்னலில் தலைமையாசிரியர் இருந்தார்.

"நான் சும்மா நிக்கறேன். நீங்க நடத்துங்க" என்றார்.

அமுதினி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம் கிளம்பியது. பக்கத்து வீடு முனகிக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தது. இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கேட்டோடு கேட் ஒட்டி நின்றது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர். அவருக்குப் பின்னால் பியூன் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாக்கியம் எங்க, தரகரே?"

"பேசலாமுங்க."

"இதுல பேச என்ன இருக்குது?"

"பேசாம முடியற யாவாரம் எனக்குத் தெரியாதுங்க. கையைக் குடுங்க."

கம்பி வழியாகக் கையைக் கொடுத்தார். மென்மையான கை, சாக்பீஸ் தூள் இருந்தது. நான் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டேன்.

சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. குறைத்துக் கேட்டுவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம். பிடித்த விரலை விட்டுவிட்டு வேறு விரலைப் பிடிக்கலாம். கை பேசும்போது கண் வேறெங்காவது இருக்க வேண்டும். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது.

அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்ட நாளையும் சேர்த்து இன்றைக்கே ஐந்து வாக்கியம். நான் அவர் சுண்டுவிரலைப் பிடித்தேன். ஒன்று. அவர் மூன்று விரலுக்கு இறங்கினார். நான் சுண்டுவிரல். அவர் இரண்டுக்கு வந்தார். நான் சுண்டுவிரல்.

"புடிச்ச புடியிலயே நிக்கறீங்க" என்றார், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"எம்பட பொழப்பே அதுதானுங்க" என்றேன், தெருவைப் பார்த்துக்கொண்டே.

பியூன் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தான்.

அப்போது துண்டுக்குள் மூன்றாவது கை ஒன்று வந்தது.

இத்தனை வருடத் தொழிலில் மூன்றாவது கை வந்து நான் கண்டதில்லை. சின்னக் கை. நகம் கடித்த விரல். இடுப்புக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. குனிந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. எதிர்வீட்டு மின்மீட்டரைப் பார்த்தேன்.

விரல் என் உள்ளங்கையில் ஒரு சொல் எழுதியது. நின்றது. நான் அசையவில்லை. இரண்டாவது சொல் எழுதியது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, என் கையைத் தேய்த்து அழித்தது. வேறொன்று எழுதியது. பிறகு மூன்றாவது சொல். கடைசியில் ஒரு புள்ளி வைத்து அழுத்தியது. நகம் பதிந்து வலித்தது.

என்ன எழுதினாள் என்று உங்களிடம் சொல்ல முடியாது. துண்டுக்குள் நடந்தது. ஆனால் நேற்றிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த மழை பெய்ய ஆரம்பித்தது. சுகந்தி துணி எடுக்க ஓடினாள்.

"என்ன எழுதிச்சு? சத்தமாச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"சொல்ல மாட்டனுங்க."

"நான் பாக்காம எப்படி ஒத்துக்கறது?"

"உங்க கையும் உள்ளதானுங்க இருக்குது."

சின்னக் கை என் கையை விட்டு அவர் கைக்குப் போனது. அவர் வானத்தைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடி மேல் மழை விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது, ஒன்றாம் வகுப்புப் பையன் படிக்கிற மாதிரி. வெகுநேரம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது சொல்லுல எழுத்துப் பிழை இருக்குது."

எனக்கு உயிர் வந்தது. வாங்காதவன் நல்ல மாடுங்க என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவான். வாங்குகிறவன்தான் வாயைத் திறந்து பல்லை எண்ணுவான், கொம்பு கோணல் என்பான், சுழி சரியில்லை என்பான். இவர் பல்லை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"பிழையைக் கழிச்சுக்குங்க. மாடு முழுசா இருக்குதுங்களா?"

"முழுசாத்தான் இருக்குது."

"அப்ப தெனம் ஒண்ணுங்க. துண்டுக்குள்ள."

அவர் யோசித்தார். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்தார். நான் துண்டை உருவி உதறினேன். பியூன் மணி அடித்தான். பள்ளிக்கூடம் மழையில் நனைந்துகொண்டே ஒரு வீடு பின்னால் போனது. பக்கத்து வீடு அலுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தது.

உள்ளே அமுதினி பசுவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"என்னோடது எப்பங்க, பாப்பா?" என்று சித்தப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"வரிசையில இருங்க, சித்தப்பா. நாளைக்குத் தபால்காரரு. கவருக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியோணும்." பிறகு அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நாளான்னைக்கு யானை எழுதட்டுங்களா?"

சுகந்தி ஈரத்துணியோடு நின்று ஹாலை ஒருமுறை அளந்து பார்த்தாள்.

"முழுசா எழுதறதா இருந்தா எழுது."

நான் உட்கார்ந்து அன்றைய கணக்கை முடித்தேன். வரவு, பிழையோடு ஒரு வாக்கியம். செலவு, ஒரு கொடித் துணி. பாக்கி, ஒரு பசு, ஒரு தபால்காரர், ஒரு சித்தப்பா, தெருமுனை வரைக்கும் உள்ள வீடுகள். கையிருப்பு, ஒரு மகள்.