அடுத்தவர் பங்கு

முயலைத் துண்டு போட்டவள் கொன்சோல். நத்தையைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவியவள் அவள். ஆரஞ்சுக் கட்டையை அடுக்கி, கண் எரிய ஊதிப் பற்றவைத்தவளும் அவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாயேயா என்னும் வாணலிச் சோற்றைச் சமைப்பது யார் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் அவள் புருஷன் ஒனோஃப்ரேயைத்தான் கைகாட்டுவார்கள். அரிசியைக் கொட்டி உப்புப் பார்ப்பதற்குப் பெயர் சமையலாம்! வெட்கக்கேடு.

போன மாதம் உப்பு கூடிவிட்டது. பழி மட்டும் அவளுக்கு. அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான் பாவி. அந்த விரல் இன்னும் மடங்கவில்லை. அவள் கத்தியபோது பக்கத்து வீட்டு ஃபினேத்தா வழக்கம்போல் வானொலிச் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

இன்று மகன் ஃபெரான், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைக் கூட்டி வந்திருந்தான். நார்வேக்காரி, பெயர் இங்வில்ட். ஸ்பெயினில் இவர்கள் ஊரான வலென்சியாவுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. பார்த்ததுமே கொன்சோலுக்கு அவளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதாலேயே பயமும் வந்தது. அப்பன் புத்தி பிள்ளைக்கு வந்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். ஃபெரான் யாரையும் அடித்து அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒனோஃப்ரேயையும் அப்படித்தான் பார்த்ததில்லை.

முற்றத்தில் அடுப்பை ஒட்டிப் போட்ட மேசையின் நடுவில் அந்த அகன்ற வாணலியை இறக்கிவைத்தார்கள். ஒனோஃப்ரே விருந்தாளிக்கு மட்டும் ஒரு பீங்கான் தட்டை நீட்டினான்.

"தட்டு வேண்டாம். ஊர்க்காரங்க எப்படிச் சாப்பிடுவாங்களோ அப்படியே சாப்பிடுறேன்," என்றாள் இங்வில்ட்.

ஒனோஃப்ரேவுக்கு வாயெல்லாம் பல். "அப்படிச் சொல்லும்மா! இந்தா மரக்கரண்டி. வாணலியிலருந்தே அள்ளணும். உனக்கு எதிர்ல, ஓரத்துலருந்து நடு வரைக்கும் உன் பங்கு. யாராவது தானா தள்ளிக் கொடுத்தா வாங்கிக்கலாம். ஆனா அடுத்தவங்க பங்குல கரண்டி போச்சோ, கையை ஒடிச்சிருவோம்!"

"யாரா இருந்தாலுமா?"

"ராஜாவே வந்தாலும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கொன்சோலும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் அதற்கும் பிறகு கேள்வி வரும்.

எல்லோரும் அள்ளத் தொடங்கினார்கள். கொன்சோலின் பங்கில் முயல் ஈரல் கிடந்தது, அடியில் நன்றாகப் பிடித்த காந்தலும் இருந்தது. ஒனோஃப்ரேயின் கரண்டி அவன் பங்கின் எல்லையைத் தாண்டி வந்து ஈரலை எடுத்துக்கொண்டது. மறுபடி வந்து காந்தலைச் சுரண்டியது. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஃபெரான் தலையைத் தாழ்த்திக்கொண்டான். கொன்சோல் மிஞ்சிய பீன்ஸைப் பொறுக்கித் தின்றாள்.

டக்கென்று இங்வில்டின் கரண்டி ஒனோஃப்ரேயின் கரண்டிமேல் விழுந்தது.

"அது அவங்க பங்கு."

அவன் சிரித்தான். "இவ என் பொண்டாட்டிம்மா."

"ராஜாவே வந்தாலும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஒனோஃப்ரேயின் கழுத்து சிவந்தது. விருந்தாளியை அடிக்க முடியாது. ஊர் என்ன சொல்லும்? கை தானாகப் பழகிய பக்கம் திரும்பியது. விழுந்த அறையில் கொன்சோலின் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. "வந்தவகிட்ட என்னடி சொல்லி வச்ச? வாயைத் திற, நாயே!" அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைச் சூடான வாணலி விளிம்பில் வைத்து அழுத்தினான். நாற்காலி சரிந்து விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி அலறத் தொடங்கியது.

"விடுங்க அவங்களை!" இங்வில்ட் பாய்ந்து எழுந்தாள். ஃபெரான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு. இது எங்க வீட்டு விஷயம். உக்காருன்னு சொல்றேன்ல?"

"வலிக்குது, ஃபெரான்."

அவன் இன்னும் முறுக்கினான்.

கன்னம் பொசுங்கிக்கொண்டிருந்தபோது கொன்சோல் பார்த்தது அந்தக் கையைத்தான். கட்டைவிரல் நரம்பின் மேல், மற்ற விரல்கள் அடியில். அந்தப் பிடி அவளுக்குத் தெரியாதா? ஐயோ, என் வயிற்றில் பிறந்தவனே!

அவள் கை துழாவியது. அடுப்பருகே கிடந்த இரும்பு இடுக்கி அகப்பட்டது. திரும்பிப் பார்க்காமலே அதைக் கொண்டு பின்னால் அடித்தாள். முழங்காலில் அடிபட்ட ஒனோஃப்ரே அவள் முடியை விட்டுவிட்டு, விழாமலிருக்கக் கையை ஊன்றினான். ஊன்றியது வாணலிக்குள், அவள் பங்கில். அதன்மேல் இடுக்கியை ஓங்கி இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சொன்னது நீதான்யா," என்றாள்.

ஆண்குரல் அலறியதும் ஃபினேத்தா வானொலியை அணைத்துவிட்டாள்.

"அம்மா! பைத்தியமா உனக்கு?" ஃபெரான் கத்தினான். மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"கையை எடுடா."

"நீ முதல்ல அதைக் கீழ போடு..."

புருஷனை அடித்ததைவிடப் பலமாக அவன் முழங்கையில் அடித்தாள். ஃபெரான் கையை மார்போடு சேர்த்துக்கொண்டு மண்டியிட்டான். சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் எப்படி அழுவானோ அதே குரலில் "அம்மா, அம்மா" என்று அழுதான். அவள் அவன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். ஆனாலும் போய்த் தூக்கவில்லை.

இங்வில்டின் மணிக்கட்டில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. கொன்சோல் தன் சட்டைக் கையை மேலேற்றி, தன் மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே இடத்தில், அதே அளவில், கறுத்துப்போன தடம். அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

ஒனோஃப்ரே ஒடிந்த கையைப் பிடித்தபடி தரையில் கிடந்து முனகினான். கொன்சோல் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தன் பங்கில் மிஞ்சியிருந்த காந்தலைச் சுரண்டி வாயில் போட்டாள். கிழிந்த உதட்டில் உப்பு எரிந்தது. என்ன ருசி! பாதியைப் பங்கின் எல்லை தாண்டி இங்வில்டின் பக்கம் தள்ளிவைத்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டுட்டு நாம ரெண்டு பேரும் கிளம்பிடலாம்."