தோல்காரன் விட்ட எண்ணெய்

காசிநாதனுக்குத் தெரியாத விஷயம் ஆம்பூரில் எதுவும் இல்லை. பத்தொன்பது வருடமாகத் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், தோலைப் போட்டு உருட்டும் டிரம் ஓட்டுகிறான். மீன் கொழுப்பெண்ணெய் குடிக்காத தோல் பலகையாய்க் காய்ந்துபோகும். குடித்த தோல் குழந்தை கன்னம்போல மெத்தென்று வரும். இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டதிலிருந்து, எண்ணெய் விட்டால் சரியாகாத பொருளே உலகத்தில் கிடையாது என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான். ஷாப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலில் அந்த எண்ணெயைக் கொண்டுவந்து கதவுக் கீலுக்கு விட்டான். தையல் மிஷினுக்கு விட்டான். மாமியாரின் முழங்காலுக்கும் தேய்த்தான். மூன்றும் ஒரே மாதிரி மீன் நாற்றம் அடித்தன.

அவன் மனைவி ஜோதி பொறுத்துக்கொண்டாள். கதவு நாறி யாரும் செத்ததில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் கை மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்குக்குப் போனது. போனில் எவனோ போட்ட வீடியோவைப் பாதி பார்த்தான். பார்க்காத பாதியைத் தன் அறிவாலேயே நிரப்பிக்கொண்டு, டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர், இரும்புப் பின்கள் எல்லாவற்றுக்கும் தன் எண்ணெயைத் தாராளமாக விட்டு மூடினான்.

அந்த வண்டியில்தான் தினமும் காலையில் ஏழு வயது வர்ணிகாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவான். அவள் டேங்க் மேல் உட்கார்ந்துகொள்வாள். செவ்வாய்க்கிழமை சர்வீஸ் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. காசிநாதன் லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டான். முன் சக்கரம் கவ்வி நின்றது. கையை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. குழந்தையின் தாடை டேங்க் மூடியில் இடித்துக் கிழிந்தது.

"பிரேக் எப்படிப் புடிக்குது பாத்தியா?" என்றான் அன்று சாயங்காலம், பெருமையாக.

ஜோதி மகளின் தாடையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். இந்த ஆளோடு பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியதற்குத் தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"அதுக்கு இன்னாத்த ஊத்துன?"

"நம்ம எண்ணெதான். தோலே மெத்துனு ஆவுது, ரப்பர் ஆவாதா?"

"தோல் மாட்டு மேல இருந்துச்சி. ரப்பர் எந்த மாட்டு மேல இருந்துச்சி? ரப்பருக்கு எண்ணெ ஆவாது."

"ஷூ கம்பெனில சோல் ஒட்றவ எனக்கு எண்ணெ பத்தி சொல்றியா? போடி, போய் சோத்தப் போடு."

சோற்றைப் போட்டாள். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொன்னாள். அவன் ஷாப்புக்கு நடந்து போனதும் வண்டியைத் தெருவில் இறக்கித் தள்ளினாள். சும்மா உருள வேண்டிய வண்டி, கட்டிப்போட்ட எருமைபோல நகர மறுத்தது. மசூதித் தெரு முனைக்கு வருவதற்குள் ஜாக்கெட் முதுகு நனைந்துவிட்டது. டீக்கடைப் பெஞ்சில் வேலை வெட்டி இல்லாத மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து ஒரு கை கொடுக்கத் தோன்றவில்லை. வாய் கொடுக்கத் தோன்றியது.

"இன்னாக்கா, பெட்ரோல் இல்லியா?"

"பெட்ரோல் கீது. பிரேக்கும் ஜாஸ்தியா கீது. உங்களுக்கு டீ ஆறிடப்போவுது, குடிங்க."

மெக்கானிக் மஹபூப் பாஷா கவ்வியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"யாரும்மா இதத் தொட்டது? மீன் கொழம்பு வாசன அடிக்குது."

"எங்க வூட்டுக்காரரு, பாய்."

"மெக்கானிக்கா?"

"தோல் ஷாப்பு."

"அதான பாத்தேன்."

இரண்டு பின்களுக்கும் சட்டைபோல ரப்பர் உறை உண்டு. எண்ணெய் குடித்து, ஊறிய மொச்சைபோல உப்பி, அவை பின்களை அசையவிடாமல் கவ்விக்கொண்டிருந்தன. பாய் அவற்றைப் பிடுங்கிப் போட்டார். உள்ளே பிஸ்டன் ரப்பரும் அதே கதி. எல்லாவற்றையும் துடைத்துப் புது ரப்பர் எடுத்துவைத்தார். எடுத்துவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த தகர டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு மஞ்சள் கிரீஸை ஒரு கவளம் அள்ளினார்.

"பாய், அது இன்னா கிரீஸ்?"

"பேரிங் கிரீஸ். எல்லாத்துக்கும் இதான்."

"ரப்பருக்குமா?"

"பதினெட்டு வருஷமா போடறேம்மா. ஒரு கஸ்டமர் கூட கம்ப்ளெய்ன்ட்டுனு திரும்பி வந்ததில்ல."

"வர்றதுக்கு உயிரோட இருந்தாங்களான்னு பாத்தீங்களா?"

பாயின் விரல் நின்றது. ஜோதிக்குச் சலித்துப்போனது. வீட்டில் ஒருத்தன் பாட்டிலோடு, கடையில் ஒருத்தர் டப்பாவோடு. எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து வைத்திருப்பவனை வைத்தியன் என்று எவனாவது சொல்வானா?

"எங்க செக்சன்ல அச்சுலேர்ந்து சோல் ஒட்டாம வர்றதுக்கு சிலிகான் அடிக்கிறோம். ரப்பருக்கு ஒண்ணும் ஆவறதில்ல. அதே சோல் மேல மிஷின் கிரீஸ் பட்டு ஒரு நாள் கெடந்தா புண்ணு மாதிரி பொங்கிடும். பிரேக்குக்குன்னே சிலிகான் கிரீஸ் விக்கறாங்க இல்ல? அதப் போடுங்க."

"அது ஷோரூம்காரனுங்க போடறது."

"ஓ. அப்போ உங்களுக்குத் தெரியும்."

பாய் விரலை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு எழுந்து, எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். கட்டைவிரல் நீள டியூப் ஒன்றோடு வந்தார். ஜோதி வாங்கி, 'பிரேக் பின்னுக்கு, ரப்பருக்கு' என்று அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். பாய் அதைப் பின்மேல் நீளமாகப் பிதுக்கினார்.

"பல்லு வெளக்கவா பாய்? தடவுனா போதும்."

"நீயே போடறியாம்மா?"

"போட்டிருப்பேன். ஸ்பேனர் உங்க கையில கீது."

பாய் சிரித்துவிட்டார். மிச்சத்தை வழித்து, மெல்லிசாகத் தடவி, டிஸ்க்கில் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பிரேக் ஆயில் மாற்றிப் பூட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

வீட்டில் அவள் சொல்லவில்லை. சொன்னால், சரிபார்க்கிறேன் என்று மறுபடி திறப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு ஜான்சன் வந்திருந்தான். காசிநாதன் வண்டியை ஒரு விரலால் தள்ளிக் காட்டினான்.

"பாத்தியா? பூ மாதிரி போவுது. மூணு வாரம் ஊறணும் ஜான்சா. ஊறுனா எண்ணெ தன் வேலையக் காட்டும்."

"என் வண்டியும் முன்னாடி இறுக்கமாத்தான் கீது," என்றான் ஜான்சன்.

"இந்தா, எடுத்துக்கினு போ." காசிநாதன் பாட்டிலை நீட்டினான்.

ஜான்சன் தன் இரண்டு பிள்ளைகளையும் அதே சர்வீஸ் ரோட்டில்தான் கொண்டுபோகிறான். ஜோதி துணி அலசுவதை விட்டு எழுந்தாள்.

"அண்ணா, அத வாங்காதீங்க. எண்ணெயாலதான் பிரேக் இறுகிச்சி, பாப்பாவுக்கு அடிபட்டுச்சி. வெள்ளிக்கெழம நான்தான் தள்ளிக்கினு போய் ரப்பர் மாத்தி, வேற கிரீஸ் போட்டுக்கினு வந்தேன்."

காசிநாதனின் முகம் ஒரு நொடி தொங்கியது. மறுநொடி சிரித்துக்கொண்டான்.

"கேக்கறியா ஜான்சா? பொம்பள பிரேக் பாத்தாளாம்."

ஜான்சனும் சிரித்தான். ஆம்பளை சொன்ன பொய்யும் பொம்பளை சொன்ன நிஜமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதை எடுப்பது என்று அவனுக்குக் குழப்பமே இல்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு நடந்தான்.

ஜோதி ஜான்சனோடு மேலே பேசி மினக்கெடவில்லை. தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள்.

"ஜாஸ்மின்! உங்காளு ரப்பர்ல எண்ணெ ஊத்தப் போறாரு. பிரேக் ரப்பர்ல!"

ஜான்சனின் மனைவி ஜாஸ்மினும் அதே ஷூ கம்பெனியில், அதே செக்சன். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மாவுக் கையோடு வந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"எதுல ஊத்தப் போற? புள்ளைங்க குந்துற வண்டியிலியா? உன் தோல் செருப்பு பலகையாக் கெடக்குது, அதுக்கு ஊத்து."

ஜான்சன் காசிநாதனைப் பார்த்தான். காசிநாதன் வானத்தைப் பார்த்தான்.

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. ஜோதி வீட்டுக்குள் போக, காசிநாதன் மெல்ல வந்து அவள் பின்னால் நின்றான். ஏதோ மன்னிப்புத்தான் வரப்போகிறது என்று அவளும் ஒரு கணம் ஏமாந்தாள்.

"சரி, முன் பிரேக் வேணாம்," என்றான் தணிந்த குரலில். "பின்னாடி டிரம் பிரேக்குதான? அதுல கொஞ்சம் விட்டுப் பாக்கலாமா?"

ஜோதி கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் பெட்டியை இழுத்தாள். தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப்போய் ஜாஸ்மினிடம் கொடுத்தாள்.

"உன் பீரோல வச்சிப் பூட்டு. அழுதாலும் குடுக்காத."