கழட்டினால் அடையாளம் இராது

கல்ஃபில் லீவு கேட்டுக் கிடைத்தால் சந்தோஷம். கேட்காமல் கிடைத்தால் பயம். ஓமானில், சோஹாரில், எங்கள் ரூமில் இது எல்லோருக்கும் தெரியும், சுரேஷ்குமாரைத் தவிர. ஆபீஸ் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து வேறு கம்பெனிக்கு பயோடேட்டா அடித்த புத்திசாலி அவன். கொஞ்ச நாளில் மேனேஜர் கூப்பிட்டு, ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்று டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். பயல் குதித்துக்கொண்டு போனான். திரும்பி வரத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போன பிறகுதான் விசாவைக் கேன்சல் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

லீவில் போகிறவரிடம் ரூமில் ஆளுக்கொரு பார்சல் கொடுத்தனுப்புவோம். வரும்போது இன்னது வாங்கி வா என்றும் சொல்லி அனுப்புவோம். எங்களில் மூத்தவர், சமையலுக்குப் பொறுப்பானவர், அம்மையப்பன் அண்ணன். அவர் யாரிடமும் கேட்பது ஒன்றுதான், நார்த்தங்காய் ஊறுகாய். சுரேஷ்குமாரிடம் கேட்ட ஊறுகாய் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அதே மேனேஜரிடம்தான் நானும் வேலை பார்த்தேன், சைட் ஆபீஸில் பிளானிங் கிளார்க்காக. காண்ட்ராக்ட் முடிய இரண்டே மாதம் இருந்தது. முடிந்துவிட்டால் வேறு கம்பெனிக்கு மாற யார் தயவும் வேண்டாம். மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. ஃபேமிலி விசா உண்டு. பானுப்பிரியாவையும் மகளையும் கூட்டி வந்துவிடலாம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளோடு ஒரே வீட்டில் இருந்தது சில மாதங்கள்தான். ஒரே நிபந்தனை, ஆள் ஓமானுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஊரிலிருந்து எடுப்பதில்லை.

அந்தக் கம்பெனி கேமராவுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட் எழுதச் சொன்னது. ரூமில் இருந்த ஒரே லேப்டாப் கம்பெனி எனக்குக் கொடுத்தது. அதில் எதைத் தட்டினாலும் ஹெட் ஆபீஸில் தெரியும். சுரேஷ்குமார் மாட்டியது அப்படித்தான்.

வழி சொன்னவன் வசீகரன். எங்கள் ஸ்டோர்கீப்பர், யாழ்ப்பாணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன். வெளியில் மாட்டும் ஒரு டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று உண்டு, அதை ஏற்றிவிடலாம், டெஸ்டுக்கு அதில் திறக்கலாம், ஆபீஸ் வேலைக்கு வழக்கம்போல் விண்டோஸில் திறக்கலாம், இதில் நடப்பது அதற்குத் தெரியாது என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை. எல்லாம் இந்த டிரைவிலதான் ஏறும். கழட்டினால் உள்ளுக்க ஒரு அடையாளமும் இராது" என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் லினக்ஸை ஏற்ற உட்கார்ந்தோம். கடைசியில், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் சின்ன புரோகிராமை எந்த டிஸ்கில் போடட்டும் என்று அது கேட்டது. அம்மையப்பன் அண்ணன் பிரியாணிச் சட்டியை இறக்கி, ஆறுவதற்குள் வாருங்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வசீகரன் இருந்ததை இருந்தபடியே விட்டு சரி என்று அழுத்தினான். அவன் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரே ஒரு டிஸ்க்தான்; எதில் போடுவது என்று அவன் யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. சாப்பிட்டு வந்து டெஸ்ட் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். டிரைவைக் கழட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் ஆபீஸில் லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து, பக்கத்தில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டாலும் அதே கறுப்புதான். மத்தியானம் லேப்டாப்போடு ரூமுக்கு ஓடினேன். வசீகரன் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனான். தொடங்கும் புரோகிராம் கம்பெனி டிஸ்கில் போய் உட்கார்ந்துவிட்டது, அது தேடுவதெல்லாம் கழட்டின டிரைவில் இருக்கிறது என்றான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவனை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கேட்டது நான்தானே, யாரை அறைவது.

டிரைவை மறுபடி மாட்டி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தோம். நீலத் திரை வந்தது. இந்த லேப்டாப்பில் மாற்றம் நடந்திருக்கிறது, பூட்டைத் திறக்கும் எண்ணைக் கொடு என்றது. அந்த எண் ஹெட் ஆபீஸில் மட்டும்தான் இருக்கும்.

அங்கே ஐடி பார்ப்பவர் சாதிக் பாட்ஷா, கீழக்கரைக்காரர். போன் செய்தேன். ஏதாவது புதிதாக மாட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எண்ணை நிதானமாகப் படித்தார். நான் ஒவ்வொன்றாக அடித்தேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காதது போல் திறந்துகொண்டது. டிரைவ் இல்லாமலே இனி திறக்கும்படி வசீகரன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணே" என்றார் சாதிக். "ஆனா இந்த நம்பரை எடுத்தாலே மேலே எல்லாருக்கும் மெயில் போயிடும். சொல்றதுக்கு நான் எதுக்கு?"

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேனேஜர் எதிரில் வந்தால் சிரித்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அதற்கு முன் எனக்குப் பிள்ளை இருப்பதே அவருக்குத் தெரியாது. மஸ்கட்டிலிருந்து, தேர்வாகிவிட்டீர்கள், காண்ட்ராக்ட் முடிந்ததும் வாருங்கள் என்று செய்தி வந்தது. பானுப்பிரியா போனிலேயே அழுதாள். மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அப்போதே கேட்டாள்.

வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"சேதுபதி, வீட்டுக்குப் போய் ரொம்ப நாள் ஆச்சு இல்லையா? லீவ் போட்டாச்சு. நாளைக்கு ஃபிளைட்."

வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்பார். என்ன பதில் சொன்னாலும் நானே ஒப்புக்கொண்டது போலாகும். லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டுப் போ, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ரூமில் பெட்டியைக் கட்டினேன். ஆளாளுக்கு அவரவர் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்து வைத்தார்கள். பால்பவுடர், பாதாம், சென்ட் பாட்டில். வசீகரன் மட்டும் என் பக்கம் பார்க்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்மையப்பன் அண்ணன் என் மகளுக்கென்று சாக்லேட் பொட்டலம் கொடுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரும்போது இன்னது வாங்கி வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

நானே கேட்டேன். "அண்ணே, நார்த்தங்காய் ஊறுகாய் எவ்வளவு வாங்கட்டும்?"

"வேண்டாம்ப்பா. போன தடவை வந்ததே அப்படியே இருக்கு" என்றார்.

அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியைப் பார்த்தேன். உப்பு டப்பாவும் மிளகாய்ப்பொடியும்தான் இருந்தன.