அறுபத்துமூன்றாவது கிலோமீட்டரில் இடப்பக்கம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் கடலோர மாகாணத்தைக் காரில் சுற்ற வருபவர்களுக்காகச் சுற்றுலா அலுவலகம் என்னை எழுதச் சொன்ன நான்கு பக்கக் கையேடு. மூன்றாம் பக்கத்தில் என் அக்கா குறுக்கே வந்துவிட்டாள். (அவள் எங்கேயும் அப்படித்தான் வருவாள்.)

2

முதல் தொடக்கம்: ‘நீலக்கடல் இரு கரம் நீட்டி உங்களை வரவேற்–’ கடலுக்கு ஏது கை? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘இருநூறு கிலோமீட்டரும் கடலை ஒட்டியே–’ பொய். நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு சிமென்ட் ஆலைச் சுவர்தான் தெரியும்.

மூன்றாவது: ‘எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும்.’ சத்தியமான உண்மை. அச்சடிக்கத்தான் மாட்டார்கள்.

3

அக்காவுக்குப் பழைய சாலையில் எட்டு அறை லாட்ஜ். புதுச் சாலை போட்டதிலிருந்து கார்கள் நேரே பறக்கின்றன; அறுபத்துமூன்றாவது கிலோமீட்டரில் இடப்பக்கம் திரும்ப ஆளில்லை. கையேட்டில் இடம் கிடைக்காவிட்டால் இந்த சீசனோடு பூட்ட வேண்டியதுதான்.

“ரெண்டு வரி எழுதக் கை வலிக்குதாடா?”

“கடல் தெரியுற இடத்தை மட்டும்தான் போடணும்னு டூரிஸம் ஆபீஸ் மேடம் ஒத்தக் கால்ல நிக்கிறாங்கக்கா.”

“மொட்டைமாடிக்குப் போனா தெரியுமே!”

தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு. நானே பார்த்திருக்கிறேன். மேடத்திடம் சொன்னேன். நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

4

இங்கே அத்தான் வந்தாக வேண்டும். (இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்லவரும் இவ்வளவு அவசரக்காரரும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? அக்கா கட்டிக்கொண்டு இருபது வருடமாகிறது. அவளுக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.)

வருகிற அதிகாரி தண்ணீருக்குக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று, அன்று காலை மொட்டைமாடியில் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை ஏற்றி, நிரப்பியும் விட்டார். எங்கே? சரியாக அந்த ஒரு விரலை மறைத்து.*

* வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். “இங்கதான்டா மாப்ளே காத்து வருது. தண்ணி குளுகுளுன்னு இருக்கும்,” என்றார்.

5

மேடம் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

“கடல் எங்கே?”

“இதுக்குப் பின்னாடிதான் மேடம்,” என்று அத்தான் தொட்டியைத் தட்டிக் காட்டினார். பெருமையாக.

அக்கா விடிந்ததிலிருந்து எட்டு அறைக்கும் புது விரிப்பு போட்டுவிட்டு வந்து நின்றவள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

6

முடிவு (அ): மேடம் ஏணி வாங்கித் தொட்டிமேல் ஏறி, கடலைப் பார்த்துக் கைதட்டுகிறார். (அவருக்கு மூட்டுவலி. அடித்துவிட்டேன்.)

முடிவு (ஆ): தொட்டி வெடித்து, வாசலிலேயே ஒரு கடல்– வேண்டாம். அத்தானுக்கு யோசனை சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நடந்தது இவ்வளவுதான். மேடம் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். அத்தான் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக் கொடுத்தார். மேடம் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார்.

“குளுகுளுன்னுதான் இருக்கு. ஆனா கடல் தெரியும்னு போட முடியாது. வேற ஏதாவது எழுதுங்க. பொய் இல்லாம.”

7

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் இப்போது இருப்பது இது:

‘அறுபத்துமூன்றாவது கிலோமீட்டரில் சாலை பிரியும். நேரே போனால் கடல் தெரியும். இடப்பக்கம் திரும்பினால் எட்டு அறை, குளிர்ந்த தண்ணீர், என் அக்கா.’

இதற்கு மேல் எனக்கும் தெரியாது. காரில் இருப்பவர் நீங்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அக்கா இன்று காலையும் விரிப்பு மாற்றிவிட்டாள். சாலை பிரியும் இடத்தில் அத்தான் ஒரு பலகை நட்டு அம்புக்குறி வரைந்திருக்கிறார், வலப்பக்கம் காட்டி. அதை நம்பாதீர்கள்.

அறுபத்திரண்டு தாண்டிவிட்டது. இண்டிகேட்டர் உங்கள் கையில்.